பஹாய் நோன்பில் தவறு நேர்ந்துவிட்டால்: விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் மகளுக்குப் பிறந்தநாள். காலை பத்தே முக்கால் மணிக்கு லட்டுப் பெட்டி மேசை மேசையாக வந்தது. வாழ்த்துச் சொல்லி ஒன்றை எடுத்தேன், பாதியைக் கடித்தும்விட்டேன். முந்திரி பல்லில் பட்டபோதுதான் அன்று நோன்பின் மூன்றாம் நாள் என்பது உறைத்தது. வாய் நிறைய லட்டு, கையில் மீதிப் பாதி, எதிரே சிரித்த முகத்துடன் அந்தப் பெண்ணின் தந்தை. விழுங்கிவிட்டேன்.

அது நான் நோன்பு இருக்கத் தொடங்கிய முதல் ஆண்டு. ‘இன்றைய நோன்பு போய்விட்டது’ என்று முடிவு கட்டி, மதியம் ஒரு மணிக்கு எல்லோருடனும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்து யோசித்தால், அந்த அரை லட்டு எனக்குப் பொருட்டாகவே தெரியவில்லை. அந்த மதியச் சாப்பாடுதான் உறுத்துகிறது. லட்டு மறதி, சாப்பாடு நானாக எடுத்த முடிவு. நோன்பில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் இடறி விழுந்த இடத்தில் தோற்பதில்லை, அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில்தான் தோற்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த ஒரு மணி நேரத்துக்கானது.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது?

எதை மீறினோம் என்று தெரியாமலேயே வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஹாவுல்லா நிறுவிய பஹாய் சமயத்தின் ஆண்டுக் கணக்கில் கடைசி மாதமான ‘அலா’ மாதம் முழுவதும், அதாவது 19 நாட்கள், சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உணவும் நீரும் இல்லை. புகைபிடிப்பதும் குடிப்பதில் ஒரு வகையே என்று பஹாவுல்லாவின் மகன் அப்துல்-பஹா விளக்கியிருப்பதால் அதுவும் இல்லை. மாதம் மார்ச் 1 அல்லது 2 அன்று தொடங்கி, நவ்-ரூஸ் புத்தாண்டுக்கு முந்தைய மாலையில் முடிகிறது. இன்றைய இஸ்ரேலில் உள்ள அக்கா நகரில் 1873 வாக்கில் பஹாவுல்லா அருளிய கித்தாப்-இ-அக்தாஸ் என்ற சட்டநூலில் இந்தச் சட்டம் இருக்கிறது.

15 வயது நிரம்பாதவர்களுக்கு நோன்பு கடமையில்லை, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் இல்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடும் உடலுழைப்பில் இருப்பவர்கள், ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. நடந்து செல்பவருக்கு இரண்டு மணி நேரமே போதும். சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயிலில் ஏறத்தாழ ஏழரை மணி நேரம். அது இந்த விலக்கில் வராது. கன்னியாகுமரி வரை போனால் வரும். மாதவிடாய் நாட்களில் நோன்பைத் தவிர்க்கும் பெண்கள், ஒரு நண்பகலுக்கும் மறு நண்பகலுக்கும் இடையே கையும் முகமும் கழுவி, அதற்கென விதிக்கப்பட்ட துதியை 95 முறை சொல்ல வேண்டும்.

படி 1: நிறுத்துங்கள், அப்படியே தொடருங்கள்

நினைவு வந்த நொடியில் வாயிலிருப்பதைத் துப்பிவிடுங்கள். கையிலிருப்பதைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். ஆறரை மணிக்கு அது உங்களுக்கு இன்னும் இனிக்கும். அவ்வளவுதான், நோன்பு தொடர்கிறது.

இது என் சமாதானம் அல்ல. நோன்பு நேரத்தில் நினைவின்றிச் சாப்பிடுவது தற்செயலாக நேர்வது, அதனால் நோன்பு முறிவதில்லை என்பது பஹாய் விளக்கங்களில் தெளிவாகவே இருக்கிறது. மறந்துபோய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தவரும், குழம்பில் உப்புப் பார்த்துச் சப்புக் கொட்டியவரும், குழந்தை தட்டில் மிச்சம் வைத்த தோசைத் துண்டைப் பழக்க தோஷத்தில் வாயில் போட்டுக்கொண்டவரும் அன்று மாலை வரை நோன்பாளிகளே. இனி வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 2: நடந்தது எந்த வகை என்று பாருங்கள்

மறதியைச் சொல்லிவிட்டேன். அடுத்தது கடிகாரப் பிழை. அலாரம் அடிக்கவில்லை, எழுந்து பதற்றத்தில் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு வாசலைத் திறந்தால் வெயில். அல்லது மேகம் கவிந்த மாலையில் அவசரப்பட்டு நோன்பைத் திறந்துவிட்டோம். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. மார்ச் மாதத்தில் கோயம்புத்தூரில் சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 13 நிமிடம் தாமதமாக மறைகிறது. சென்னை நேரத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் கோவையில் நோன்பு திறந்தால், அங்கே சூரியன் இன்னும் மறைந்திருக்காது. இதையெல்லாம் மறதியோடு சேர்த்தே நான் வைக்கிறேன். தெரிந்து செய்தது எதுவும் இதில் இல்லை. செய்ய வேண்டியது, நீங்கள் இருக்கும் ஊரின் உதய அஸ்தமன நேரத்தைத் தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுவது. சென்னையில் மார்ச் தொடக்கத்தில் உதயம் 6.25 வாக்கில், அஸ்தமனம் 6.15 வாக்கில். நோன்பு முடியும்போது அவை 6.15, 6.20 ஆகிவிடும். காலை நேரம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது. முதல் வாரக் கணக்கில் மூன்றாவது வாரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் தவறிவிடும்.

மூன்றாவது வகை, தவறே அல்லாதது. காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டுதல் என்று உடல் தளர்ந்து நோன்பை நிறுத்துகிறீர்கள். இதைத் தோல்வி என்று எண்ணுகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தொழுகையும் நோன்பும் உயர்ந்தவை, ஆனால் உடல்நலம் உள்ள நிலையில்தான் அவற்றின் நற்பலன் கிட்டும், நோயுற்ற காலத்தில் அவற்றைக் கடைப்பிடிப்பது அனுமதிக்கப்படவில்லை என்று பஹாவுல்லாவே சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு நோன்பிருப்பது பக்தி ஆகாது. அதுதான் உண்மையில் சட்டத்துக்கு மாறானது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே சர்க்கரையோ பழச்சாறோ எடுக்க வேண்டும். அஸ்தமனத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

நோயால் நின்றவர் மாதம் முடிவதற்குள் தேறிவிட்டால், அந்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கிக் கடைசி வரை இருக்கலாம். விட்ட நாட்களை வேறு மாதத்தில் ஈடுகட்ட வேண்டியதில்லை. இந்த நோன்பை அதற்குரிய மாதத்தில் மட்டுமே இருக்க முடியும்.

நான்காவது வகைதான் எல்லோரும் பேசத் தயங்குவது: தெரிந்தே உடைத்தது.

படி 3: தெரிந்தே உடைத்த நாளில்

ஓர் ஆண்டு, ஒன்பதாம் நாள். காப்பி இல்லாத தலைவலி காலையிலிருந்தே நெற்றிப்பொட்டில் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு ஒரு வேலையாக வெளியே போனேன். தேநீர்க் கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. நான் மறக்கவில்லை. அன்று நோன்பு என்பதும், அஸ்தமனத்துக்கு மூன்றே கால் மணி நேரம் இருக்கிறது என்பதும் நன்றாகத் தெரியும். தெரிந்தே ஒரு தேநீர் குடித்தேன். குடித்து முடித்ததும் ‘போனது போனதுதான்’ என்று இரண்டு வடை. வீட்டுக்கு வந்து மீண்டும் சாப்பாடு. மறுநாள் விடியலில் எழவே மனம் வரவில்லை. ‘நேற்றே உடைத்தாயிற்று, இனி என்ன’ என்று படுத்துக்கிடந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே கழிந்தது. ஒரு தம்ளர் தேநீர் என்னிடமிருந்து மூன்று நாட்களை எடுத்துக்கொண்டது.

இப்போது அப்படி நேர்ந்தால் செய்வது இதுதான். தம்ளரைக் கீழே வைக்கிறேன். வடைக்குக் கை நீட்டுவதில்லை. அங்கிருந்து நடந்துவிடுகிறேன். அஸ்தமனம் வரை எஞ்சியிருக்கும் நேரத்தை நோன்பாகவே கழிக்கிறேன். ‘உடைந்த நோன்பைத் தொடர்ந்து என்ன பயன்’ என்று கேட்பீர்கள். அந்த நாள் நோன்பாகக் கணக்கில் சேருமா என்பதை நான் தீர்மானிக்க முடியாது, அது இறைவனின் கையில் இருக்கிறது. ஆனால் மூன்று மணிக்குப் பலவீனப்பட்ட மனம் நான்கு மணிக்கு மீண்டும் கீழ்ப்படியக் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதிகாலை என்னை எழுப்பிவிடுவது அந்தப் பழக்கம்தான்.

ஈடுகட்டும் நாள் இல்லை என்பதை முதலில் நான் கண்டிப்பாகத்தான் புரிந்துகொண்டேன். போனால் போனது, திரும்ப வராது என்று. பிறகுதான் அதிலிருக்கும் கருணை புரிந்தது. ஈடுகட்டும் நாள் இல்லையென்றால் கடன் புத்தகமும் இல்லை. நேற்றைய பாக்கி என்று எதுவும் இன்றைக்கு வந்து சேர்வதில்லை. பரிகாரமாக இத்தனை பேருக்கு உணவு, இத்தனை நாள் கூடுதல் நோன்பு என்றெல்லாம் விதிக்கப்படவும் இல்லை. நாளை விடிவது ஒரு முழு நாள், அதற்கு மேல் எந்தச் சுமையும் இல்லை. ஆகவே தண்டனையாக மறுநாள் விடியலில் சாப்பிடாமல் இருப்பது, இரவில் தண்ணீர் மட்டும் குடிப்பது போன்ற சொந்தச் சட்டங்களை உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். அது அடுத்த தவறுக்கு நாமே போடும் பாதை.

படி 4: யாரிடம் சொல்வது?

மனிதர் எவரிடமும் பாவமன்னிப்புத் தேடக் கூடாது, மனம் வருந்துவது உங்களுக்கும் இறைவனுக்கும் இடையில் இருக்கட்டும் என்பது கித்தாப்-இ-அக்தாஸின் கட்டளை. உள்ளூர் பஹாய்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவான ஆன்மீகச் சபையில் போய் ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ‘எத்தனை நாள் இருந்தீர்கள்?’ என்று யாராவது கேட்டால் எண்ணிக்கை சொல்லும் கடமையும் உங்களுக்கு இல்லை. நோன்பு தனிமனிதரின் மனச்சாட்சிக்கு விடப்பட்ட கடமை.

உதவி கேட்பது வேறு விஷயம். ‘மூன்று மணிக்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு போன் செய்கிறீர்களா?’ என்று நண்பரிடம் கேட்பதில் எந்தத் தடையும் இல்லை. சட்டத்தில் சந்தேகம் இருந்தால் சபையைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இறைவனிடம் சொல்வதற்கு நேரம் மாலை. ‘மறைமொழிகள்’ என்ற தம் நூலில் பஹாவுல்லா, இறுதிக் கணக்குக்கு அழைக்கப்படும் முன் ஒவ்வொரு நாளும் உன் கணக்கை நீயே பார்த்துக்கொள் என்கிறார். நான் ஒரு பழைய பள்ளி நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன். எந்த நேரம், எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இவ்வளவுதான். ‘நான் பலவீனமானவள்’ என்பது போன்ற வரிகளை எழுதுவதில்லை, அவற்றால் மறுநாளைக்கு ஒரு பயனும் இல்லை. ‘3.10, கடைத்தெரு, காலையில் தண்ணீர் குடிக்கவில்லை’ என்பது உதவும். நான்கைந்து வரி சேர்ந்ததும் தவறுகள் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் வருவது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 5: மறுநாளைத் தயார் செய்யுங்கள்

மறதி கையில் இருக்கிறது, மூளையில் இல்லை. அலுவலக மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் கணினியைப் பார்த்துக்கொண்டே கை அதைத் திறந்துவிடும். என் பாட்டிலின் கழுத்தில் அந்த 19 நாட்களும் தடித்த ரப்பர் பேண்ட் ஒன்று இருக்கும். விரல் அதில் பட்டதும் நின்றுவிடுகிறேன். வீட்டில் குடத்தின் மேல் கவிழ்த்து வைக்கும் தம்ளரை உதயத்துக்கு முன்பே அலமாரிக்குள் வைத்துவிடுவேன். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் அலமாரியைத் திறக்க வேண்டும். அந்த இரண்டு நொடி போதும். சமையலுக்கு உப்புப் பார்க்கும் வேலையை நோன்பில்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். குழந்தைகளுக்கு அந்தப் பொறுப்பு மிகவும் பிடிக்கும்.

காப்பித் தலைவலிக்கு மருந்து நோன்புக்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது. பழகிய காப்பியைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும், பல நாட்கள் நீடிக்கவும் கூடும். அலா மாதத்துக்குச் சற்று முன் விருந்தோம்பலும் பரிசுகளுமாகக் கழியும் அய்யாம்-இ-ஹா நாட்களுக்கு முன்பே, நான்கு காப்பியை மூன்றாக்கி, இரண்டாக்கி, கடைசியில் விடியலில் ஒன்று மட்டும் என்று கொண்டுவந்துவிடுங்கள். என் ஒன்பதாம் நாள் தேநீருக்கு உண்மையான காரணம் பிப்ரவரியில் நான் செய்யாமல் விட்ட இந்த வேலைதான்.

விடியல் சாப்பாட்டைத் தவறவிட்ட நாளில் தவறும் வாய்ப்பு அதிகம். இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்றைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கேழ்வரகுக் கூழ், முட்டை, சுண்டல், தயிர்சாதம் போன்றவை நெடுநேரம் தாங்கும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேண்டாம், மார்ச் வெயிலில் பதினோரு மணிக்கே நாக்கு வறளும். தண்ணீரை இரவு முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். உதயத்துக்கு ஐந்து நிமிடம் முன் ஒரு லிட்டரை உள்ளே தள்ளினால் அது வெளியேறிவிடும். சாப்பிடாமல் எழுந்துவிட்டால்? அன்றும் நோன்புதான். வெயில் வேலையைத் தள்ளிப்போட்டு, மெதுவாக நடங்கள். பலரும் அந்த நாளைக் கடந்துவிடுகிறார்கள். உடல் தாங்காவிட்டால் படி 2-ஐப் பாருங்கள்.

பிறர் நீட்டும் தேநீரை மறுக்கக் கூச்சப்பட்டுக் குடித்தவர்கள் உண்டு. நீண்ட விளக்கம் வேண்டாம். ‘நோன்பில் இருக்கிறேன், ஆறரைக்கு மேல் குடிக்கிறேன்’ என்று ஒரே வரியில் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நம் ஊரில் நோன்பு என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை பெரிது. இரண்டாம் முறை யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரையிலான நேரத்துக்கு எனக்குக் கைகொடுப்பது பிரார்த்தனைதான். தினமும் ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயப் பிரார்த்தனைகளில் சிறியதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதை நண்பகலுக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். நான் அதைப் பசி முற்றும் நேரத்தில் வைத்துக்கொள்கிறேன். பிரார்த்தனைக்கு முன் முகமும் கையும் கழுவும்போது அந்தக் குளிர்ச்சியிலேயே பாதி அலுப்புப் போய்விடுகிறது.

படி 6: வயிறு காத்த நோன்பை நாக்கு உடைத்தால்

ஒரு துளி நீர் அருந்தாமல், மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை அடித்துவிட்ட நாள் உண்டா? எனக்கு உண்டு. சீருடையில் மை கொட்டியதற்காக ஏழு வயதுப் பையனை. அவன் அழவில்லை, என்னைப் பார்த்தான். அன்று 6.17-க்குப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது அது இறங்கவில்லை.

இந்த நாட்கள் அடிப்படையில் தியானத்துக்கும் பிரார்த்தனைக்கும் அகவாழ்வைச் சீர்செய்துகொள்வதற்கும் உரியவை, உணவைத் துறப்பது தன்னல ஆசைகளைத் துறப்பதற்கு ஓர் அடையாளம் என்பது, அப்துல்-பஹாவின் பேரனும் அவருக்குப் பின் பஹாய் சமயத்தை வழிநடத்தியவருமான ஷோகி எஃபெண்டியின் விளக்கம். அப்படியானால் அரை லட்டைவிட அந்த அடி பெரிய மீறல். ஆனால் லட்டுக்காக நாள் முழுதும் தவிக்கும் நாம், கோபத்தை ‘பசியில் வந்தது’ என்று எளிதாகக் கடந்துவிடுகிறோம். இங்கே செய்ய வேண்டியது சம்பந்தப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது. பாவமன்னிப்புத் தேடுவதற்குத்தான் தடை. நாம் புண்படுத்திய ஒருவரிடம் நம் தவறை மனமுவந்து ஒப்புக்கொள்ளலாம் என்று ஷோகி எஃபெண்டியின் சார்பில் எழுதப்பட்ட கடிதம் சொல்கிறது. இரவு அவன் தூங்கும் முன் கட்டிலோரம் உட்கார்ந்து, ‘அம்மா செய்தது தப்பு’ என்றேன். ‘உனக்குப் பசியா?’ என்று கேட்டான். ‘பசிதான், ஆனால் அதற்காக அடித்திருக்கக் கூடாது’ என்றேன். மறுநாளிலிருந்து மாலை நான்கரை முதல் ஆறு வரை வீட்டில் எந்தக் கணக்கு வழக்கும் பேசுவதில்லை, வீட்டுப்பாடமும் பார்ப்பதில்லை. பள்ளிப் பையைத் திறப்பதே நோன்பு திறந்த பிறகுதான்.

வீட்டில் இன்னொருவர் தவறினால்

15 வயது நிறைந்து முதல் நோன்பு இருக்கும் பிள்ளைகளிடம் கவனமாக இருங்கள். பள்ளித் தேர்வுகள் நெருங்கும் மாதம் இது. நண்பர்கள் ஐஸ்கிரீம் நீட்டுவார்கள். ஒரு நாள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் மறைப்பார்கள். ‘இன்று நோன்பா?’ என்று வாசலிலேயே கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், பொய் சொல்லும் நிர்ப்பந்தத்தை உண்டாக்குவது அந்தக் கேள்விதான். உடல்நிலையாலோ மாதவிடாயாலோ நோன்பில்லாதவரையும் காரணம் கேட்காதீர்கள். கடும் உழைப்பால் விலக்குப் பெற்றவர்கள் அளவாகவும் தனியாகவும் சாப்பிடுவது சிறப்பு என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மரியாதையை அவர்கள் நோன்புக்குக் காட்டும்போது, நாம் அவர்களைத் துருவாமல் இருப்பது பதில் மரியாதை.

அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன் தட்டுகளை எடுத்து வையுங்கள். தவறியவருக்கும் சேர்த்தே தண்ணீர் ஊற்றுங்கள், பேரீச்சம்பழம் வையுங்கள், அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பிரார்த்தனையைத் தொடங்குங்கள். எழுந்து போகும்போது, நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.